ஆபீஸ்ல, வீட்ல எல்லாருக்கும் நான் 'கத்திக்காரன்', உங்களுக்கும் இப்படியா?

கோவைக்காரன்:
பத்து வருஷமா பேனாக்கத்தி சேக்குறேன், பாக்கெட்ல எப்பவும் விக்டோரினாக்ஸ்ங்கிற ஸ்விஸ் கம்பெனி கத்தி, மடிச்சா 91 மில்லிமீட்டர் நீளம் வர்றது ஒண்ணு இருக்கும், ஆபீஸ்ல பார்சல் பிரிக்கணும்னாலும் மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ கழண்டாலும் நேரா என் சீட்டுக்குத்தான் வருவாங்க, அந்த கார்க் திருகிக்குள்ள சொருகியிருக்குற குட்டி ஸ்க்ரூட்ரைவர்லயே மாட்டிக் குடுத்துடுவேன். ஆனா அத்தை மட்டும் 'கல்யாண வீட்டுக்கு எதுக்குடா கத்தி'ன்னு கேட்டுட்டாங்க, மனசுக்கு கஷ்டமா போச்சு. எப்படி புரிய வைக்கிறது?

நெல்லை அக்கா:
தம்பி, பேசாதீங்க, பழம் வெட்டிக் குடுங்க. எங்க மாமியார்கிட்ட ஓபினெல்ங்கிற பிரெஞ்சு மடக்குக்கத்தி 8-ம் நம்பர்ல அந்த இரும்பு வளையத்த திருப்பி, பாருங்க பிளேடு மடங்காதுன்னு காட்டின பிறகுதான் பயம் போச்சு. கார்பன் ஸ்டீல்னா புளிப்பு பட்டா கறுத்துடும், உடனே தொடச்சு வைங்க.

ரயில்பயணி:
அத்தை கையில நேரா குடுக்காதீங்க ப்ரோ, கீழ வைங்க, அவங்களே எடுத்துக்கட்டும், சண்டை வரும்னு நம்புறவங்க மனச மதிக்கணும்ல. ஃப்ளைட்னா செக்-இன் பையில போடுங்க, என் தம்பி வாங்கிக் குடுத்த கத்தி கேபின் பையில இருந்து ஏர்போர்ட்லயே போயிடுச்சு, இன்னும் வலிக்குது.

கோவைக்காரன்:
நன்றி அக்கா, நன்றி ப்ரோ. 1891ல விக்டோரினாக்ஸ ஆரம்பிச்ச எல்சனர் ஸ்விஸ் ராணுவத்துக்கு இந்தக் கத்திய குடுத்ததே டப்பா திறக்க, துப்பாக்கி கழட்டத்தான், இதயும் அத்தைகிட்ட சொல்லணும். ஞாயித்துக்கிழமை வர்றாங்க, சேலத்து மாம்பழம் வாங்கி வச்சிருக்கேன்.