ஸ்ட்ரீக் வைத்தால் ஆட்கள் தங்குவார்களா? உடைந்தால் என்ன செய்கிறீர்கள்?

தேனி_டெவ்:

வணக்கம். நானும் என் கூட்டாளியும் சேர்ந்து டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிப்பவர்களுக்காக ஒரு ஆப் நடத்துகிறோம். தினம் பத்து கேள்வி. தமிழ், பொது அறிவு, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான். அறிவிக்கை வெளியாகும் வாரத்தில் இன்ஸ்டால் குவிகிறது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வந்தவர்களில் சின்னப் பகுதிதான் மிச்சம் இருக்கிறது, விளம்பரத்துக்குப் போட்ட காசு எங்கே போனது என்றே தெரியவில்லை.

கூட்டாளி சொல்வது இது: மொழி கற்கும் ஆப்பான டூலிங்கோ மாதிரி ஸ்ட்ரீக் போடு, அதாவது ஒருவர் விடாமல் எத்தனை நாள் தொடர்ந்து வந்தார் என்று காட்டும் எண், மேலே ஒரு தீச்சுடர் போடு, ராத்திரி பன்னிரண்டுக்குள் வராவிட்டால் பூஜ்யம், பயத்திலேயே தினம் வருவார்கள். எனக்கு அரைமனதாகத்தான் இருக்கிறது. எங்களிடம் படிப்பவர்களில் நிறையப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளிக்கடைக்காரர் ஆப்பைத் திறக்கவே மாட்டார். ஒரு மாசமாகச் சேர்த்த எண்ணை அன்று அழித்துவிட்டால் அவர் திரும்பி வருவாரா, இல்லை "போங்கடா" என்று அன்இன்ஸ்டால் செய்வாரா?

அப்புறம், "ஒரு நாள்" என்பதை எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள், உடைந்த ஸ்ட்ரீக்கைக் காசு வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவது சரியா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.

கயல்_ப்ராடக்ட்:

உங்கள் கூட்டாளி சொல்வதில் பாதி சரி. கையில் இருப்பதை இழக்கும் வலி, அதே அளவு கிடைக்கும் சந்தோஷத்தைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள், ஸ்ட்ரீக் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் இழப்பதற்கு முதலில் ஏதாவது கையில் இருக்க வேண்டுமே. இரண்டாம் நாளில் "2" போனால் யாருக்கு வலிக்கும்? நாற்பது, ஐம்பது ஆன பிறகுதான் அது சொத்து. நீங்கள் ஆட்களை இழப்பதோ முதல் வாரத்தில். அந்த வாரத்துக்கு ஸ்ட்ரீக்கைவிட, முதல் நாள் முதல் கேள்விக்கு எத்தனை தட்டுகளில் போய்ச் சேர்கிறார் என்பதுதான் முக்கியம். இன்ஸ்டால் செய்தவுடன் மொபைல் நம்பர், ஓடிபி, மாவட்டம் என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதை முதலில் எடுங்கள்.

டூலிங்கோவைப் பார்த்துச் செய்பவர்கள் எல்லோரும் தீச்சுடரைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குப் பின்னால் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஸ்ட்ரீக் ஃப்ரீஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆப்புக்குள் சேர்த்த ஜெம்ஸைக் கொடுத்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால், வராத நாளில் அது தானாகச் செலவாகி எண்ணைக் காப்பாற்றும். இன்னொன்று, முன்பெல்லாம் அன்றைய இலக்காக வைத்த எக்ஸ்பி புள்ளிகளை எட்டினால்தான் ஸ்ட்ரீக் கூடும். பிறகு இலக்கை வேறாகவும் ஸ்ட்ரீக்கை வேறாகவும் பிரித்துவிட்டார்கள், ஒரே ஒரு பாடம் முடித்தால் போதும் என்றாகிவிட்டது. உங்கள் பத்து கேள்வி அங்கேதான் இடிக்கும். பத்து என்பது இலக்காக இருக்கட்டும், ஸ்ட்ரீக்குக்கு மூன்று போதும். டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முடிக்க முடிகிற அளவுக்கு இருக்க வேண்டும்.

உடைவதைப் பற்றி உங்களுக்கு வந்த பயம் நியாயமான பயம். ஜாக்கி சில்வர்மேன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் இருவரும் இதையே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஆள் செய்தது அதேதான், ஆப் அதைக் காட்டும் விதம் மட்டும் வேறு. "தொடர்ச்சி அறுந்தது" என்று தெரியும்படி காட்டியதும் அந்த வேலையைத் தொடரும் ஆசையே குறைந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், மெரிசா ஷரீஃப், சுசான் ஷூ 2017-இல் ஒன்று எழுதினார்கள்: வாரம் ஏழு நாளும் என்று கறாராக இலக்கு வைத்து, கூடவே அவசரத்துக்கு இரண்டு நாள் கையிருப்பு கொடுத்தால், ஏழு நாள் கறாராக வைத்தவர்களைவிடவும் தாக்குப்பிடிக்கிறார்கள், ஐந்து நாள் போதும் என்று தளர்த்தியவர்களைவிடவும் தாக்குப்பிடிக்கிறார்கள். கையிருப்பை எடுக்க மனசு வராது, ஆனால் இருக்கிறது என்ற தைரியம் இருக்கும். அதனால் உடைகிற நாளில் திரையில் என்ன வரும் என்பதை முதலில் வரையுங்கள். தீச்சுடரை ஒரு மத்தியானத்தில் வரைந்துவிடலாம்.

இரவு_க்ரான்:

"ஒரு நாள்" பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்ட்ரீக் வைத்த ஆப்களில் சப்போர்ட்டுக்கு வருகிற கோபமான மெயில் பெரும்பாலும் இதில்தான் வரும்.

சர்வரில் யுடிசி நேரத்தை, அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரத்தை வைத்துத் தேதியை வெட்டினால் இந்தியாவில் நாள் மாறுவது காலை 5.30-க்கு. ஒருவர் திங்கள் இரவு 9 மணிக்குச் செய்கிறார், யுடிசியில் அது திங்கள் பிற்பகல் 3.30. மறுநாள் செவ்வாய் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, குளிப்பதற்கு முன்னால் செய்துவிடுகிறார். யுடிசியில் இன்னும் திங்கள் இரவு 11.30தான். இரண்டும் ஒரே நாளில் விழுந்துவிட்டது. செவ்வாய்க்கான வேலை முடிந்தது என்று அவர் நிம்மதியாக இருக்கிறார், புதன் காலை 6 மணிக்குத் திறந்தால் பூஜ்யம். படிக்கிற பிள்ளைகள்தான் விடியற்காலையில் எழுகிறார்கள், ஆக உங்களிடம் இருப்பதிலேயே ஒழுங்கான ஆளைத்தான் இந்த பக் முதலில் அடிக்கும். டெஸ்ட் செய்யும்போது கண்ணில் படாது, ஏனென்றால் நாம் யாரும் ஐந்து மணிக்கு எழுந்து டெஸ்ட் செய்வதில்லை.

அதனால் ஒவ்வொரு முறையும் மூன்றையும் சேமியுங்கள்: யுடிசி நேரம், போனின் டைம்சோன் பெயர், அந்த ஊர்க் கணக்குப்படி தேதி. ஸ்ட்ரீக் எண்ணை டேட்டாபேஸில் ஒரே எண்ணாக வைத்துக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், செய்த நாட்களின் டேபிளில் இருந்து கணக்கிடுங்கள். எப்போதாவது தப்பு நடந்தால் அந்த நாளுக்கு ஒரு வரி சேர்த்தால் எண் தானாகச் சரியாகும். வெறும் எண்ணாக வைத்திருந்தால் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது.

ராத்திரி 12-க்கு நறுக்கென்று வெட்டவும் வேண்டாம். அதிகாலை 3 வரை செய்ததை, நேற்று காலியாக இருந்தால் நேற்றைக்கு எழுதுங்கள், இல்லாவிட்டால் இன்றைக்கு. மில் ஷிப்ட் ஆட்களுக்கு இதுவும் பத்தாது, அவர்கள் நாள் எப்போது முடிகிறது என்பதை அவர்களே வைத்துக்கொள்ள ஒரு செட்டிங் கொடுத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத ஊரில் செய்து மறுநாள் சிங்க் ஆகும் கேஸும் வரும், போன் காட்டும் நேரத்தை நம்பி ஏற்றுக்கொள்ளுங்கள். போனில் தேதியை மாற்றி ஏமாற்றுவார்களே என்று கேட்பீர்கள். ஏமாற்றட்டும், அவருக்கு என்ன வேலையா கிடைத்துவிடப்போகிறது? நேர்மையாகச் செய்தவரின் எண் போகக்கூடாது, அதுதான் விஷயம். அதே மாதிரி உங்கள் சர்வர் படுத்த நாளை எல்லோருக்கும் தானாகக் கொடுத்துவிடுங்கள், யாரும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

போனில் மட்டும் சேமிக்கவே வேண்டாம். வேர்டில் (Wordle) என்ற வார்த்தை விளையாட்டின் ஸ்ட்ரீக் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில்தான் இருந்தது. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கித் தன் தளத்துக்கு மாற்றியபோது சிலருக்கு எண் பூஜ்யமாகி, அதற்கு ட்விட்டரில் நடந்த கூச்சல் நினைவிருக்கும்.

படிக்கிறவன்:

நான் டெவலப்பர் இல்லை, குரூப் 4 எழுதுகிற கூட்டத்தில் ஒருவன். இந்த மாதிரி ஸ்ட்ரீக் வைத்த ஒரு ஆப் என்னிடமும் இருந்தது, பெயர் வேண்டாம். மாமா பெண் கல்யாணத்தில் நான் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறேன், மணி பத்தே முக்கால், சட்டென்று ஞாபகம் வந்து போனைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் கேள்வியைப் படிக்கவே இல்லை, ஏ, ஏ, ஏ என்று கடைசிவரை அழுத்திக் கொடுத்துவிட்டான். பத்துக்கு இரண்டு சரி. ஸ்ட்ரீக் மட்டும் பத்திரம், "அருமை, தொடருங்கள்" என்று காகிதத்துண்டுகள் பறந்தன. அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவர் கிராஃப்பைப் பார்த்து, முகூர்த்த நாளில்கூட ஆட்கள் படிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

எனக்கு வேண்டியது எத்தனை நாள் வந்தேன் என்பது இல்லை சார். புணர்ச்சி விதியில் திரும்பத் திரும்ப எங்கே தப்பு செய்கிறேன் என்பதை ஆப் ஞாபகம் வைத்துக்கொண்டு நாலு நாள் கழித்து மறுபடி கேட்டால், அதற்காகவே வருவேன்.

சிங்கை_வேல்:

மேலே படிக்கிறவன் சொன்ன தம்பி கதைக்கு ஆய்வே இருக்கிறது. டெவலப்பர்கள் தங்கள் கோடைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் ப்ரொஃபைல் பக்கத்தில் முன்பு ஸ்ட்ரீக் எண் காட்டுவார்கள், 2016-இல் எடுத்துவிட்டார்கள். மோல்டன், ஸ்ட்ரோமையர், வாக்ஸ் என்று மூன்று பேர் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எண் போனதும் நீண்ட ஸ்ட்ரீக்குகள் கைவிடப்பட்டன, சனி ஞாயிறு வேலை குறைந்தது, நாளுக்கு ஒரே ஒரு பங்களிப்பு மட்டும் போட்டுவிட்டுப் போகும் நாட்களும் குறைந்தன. எண்ணைக் காட்டினால் எண்ணுக்காகச் செய்வார்கள், ஐடி ஆட்களே அப்படித்தான்.

தேனி, "ஸ்ட்ரீக் உள்ளவர்கள் அதிகம் தங்குகிறார்கள்" என்ற கிராஃப்பை யார் காட்டினாலும் நம்பாதீர்கள். தினமும் வருகிற குணம் உள்ளவரிடம்தான் ஸ்ட்ரீக் சேரும், அவர் எண் இல்லாவிட்டாலும் தங்கியிருப்பார். புதிதாக வருபவர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப்பேருக்கு ஸ்ட்ரீக்கே காட்டாமல் இரண்டு மாதம் விட்டுப் பாருங்கள். வந்த நாட்களை மட்டும் எண்ணாதீர்கள், வாரக் கடைசி மாதிரித் தேர்வில் மார்க் ஏறியதா என்று பாருங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. உங்கள் பயனர் ஒருநாள் போகத்தான் வேண்டும். தேர்வு எழுதிவிட்டு வந்தவருக்கு மறுநாள் ராத்திரி "உங்கள் ஸ்ட்ரீக் ஆபத்தில்" என்று அனுப்புவது கொடுமை. மொழி ஆப்புக்கு முடிவு கிடையாது, உங்களுக்குத் தேர்வுத் தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் ஸ்ட்ரீக்கை மரியாதையாக முடித்து வைத்து, மொத்தம் எத்தனை நாள் படித்தார் என்று ஒரு பக்கம் காட்டி அனுப்புங்கள். அடுத்த அறிவிக்கைக்கு அவரே வருவார், இல்லாவிட்டால் தம்பியை அனுப்புவார், அந்தத் தம்பி ஒழுங்காகப் படிப்பான் என்று நம்புவோம்.

வாசுகி_ஆண்ட்ராய்டு:

நோட்டிஃபிகேஷன் போய்ச் சேராவிட்டால் ஸ்ட்ரீக் பாதி செத்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆண்ட்ராய்டு 13-லிருந்து நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்டாக வேண்டும். இன்ஸ்டால் ஆனவுடன் கேட்டால் என்ன ஏதென்று தெரியாமல் மறுத்துவிடுவார்கள், இரண்டு தடவை மறுத்தால் சிஸ்டம் அந்தப் பெட்டியையே திரும்பக் காட்டாது. முதல் நாள் கேள்வியை முடித்து "நாளைக்கும் ஞாபகப்படுத்தவா?" என்று இருக்கும் இடத்தில் கேளுங்கள். அப்புறம் ஷாவ்மி, விவோ, ஒப்போ போன்களில் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணி வேலையைக் கொன்றுவிடும், போனிலேயே அலாரம் வைத்து நினைவூட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், சர்வரிலிருந்து கூகுளின் எஃப்சிஎம் சேவை வழியாகவும் அனுப்புங்கள். எல்லோருக்கும் ராத்திரி 10-க்கு என்று வைக்காமல், அவர் வழக்கமாக வருகிற நேரத்தை ஒட்டி அனுப்பினால் போதும். ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

காசு விஷயத்தில் என் கருத்து, வாங்காதீர்கள். ஸ்னாப்சாட்டில் மணல்கடிகாரத்தைக் காட்டிப் பதறவைத்து, போனபிறகு காசுக்கு மீட்டுத் தருகிறார்கள். அங்கே ஓடுகிறது என்பதற்காக நாமும் செய்ய வேண்டியதில்லை. இங்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பயனரை ஏமாற்றி இழுக்கும் டிசைன்களான டார்க் பேட்டர்ன்களுக்கென்றே வழிகாட்டு நெறிமுறை போட்டு, 13 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. பொய்யான அவசரம் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் கூச்சப்பட வைப்பது, ஓயாமல் நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. "இன்னும் 10 நிமிடத்தில் உங்கள் 80 நாள் உழைப்பு போய்விடும், 29 ரூபாய்" என்ற பட்டனும், கீழே சின்ன எழுத்தில் "எனக்கு அரசு வேலை வேண்டாம்" என்ற மறுப்பும் வைக்கிற ஐடியா யாருக்காவது இருந்தால் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். சட்டத்தை விடுங்கள், வேலை தேடுகிற பிள்ளையிடம் இதற்கா காசு வாங்குவது? மீட்க வேண்டுமென்றால் அவர் முன்பு தப்பாகப் போட்ட பதினைந்து கேள்வியைச் சரியாகப் போடட்டும், எண் திரும்பி வரட்டும்.

தேனி_டெவ்:

எல்லோருக்கும் நன்றி. வாசுகி அக்கா, அந்த 29 ரூபாய் பட்டனைக் கூட்டாளி ஃபிக்மா என்ற டிசைன் டூலில் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தான், மறுப்பு வரி வேறு, ஏறக்குறைய அதே மாதிரி. எடுத்தாயிற்று.

இப்போதைக்கு இப்படி முடிவு: ஸ்ட்ரீக்குக்கு மூன்று கேள்வி, அதில் ஒன்று முன்பு தப்பு செய்ததிலிருந்து வரும். மாசத்துக்கு இரண்டு நாள் கையிருப்பு, தானாகச் செலவாகும், சேர்த்து வைக்க முடியாது. உடைந்தால் தப்பான பதினைந்தைப் போட்டு மீட்கலாம், அதற்கு மூன்று நாள் அவகாசம். மேலே தீச்சுடர் பக்கத்திலேயே மொத்தம் படித்த நாட்கள், அது எந்தக் காலத்திலும் குறையாது. புதிதாக வருபவர்களில் பாதிப்பேருக்கு இது எதுவும் தெரியாது. கூட்டாளிக்கு அந்தக் கடைசி வரிதான் கசக்கிறது, பாதிப்பேரை ஏன் இழக்க வேண்டும் என்கிறான், அவனோடு இன்னும் சண்டை முடியவில்லை.

ஒரு சந்தேகம். ஏற்கெனவே இருக்கும் பயனர்களுக்குப் பழைய டேட்டாவை வைத்து ஸ்ட்ரீக் கணக்கிட்டுக் கொடுக்கலாமா, இல்லை எல்லோரும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கட்டுமா? பழைய டேட்டாவில் யுடிசி நேரம் மட்டும்தான் இருக்கிறது.

இரவு_க்ரான்:

கொடுங்கள். டைம்சோன் இல்லாத பழைய வரிகளுக்கெல்லாம் இந்திய நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், வளைகுடாவில் இருந்து படிப்பவர் நாலு பேருக்கு ஒன்றரை, இரண்டரை மணி நேரம் தப்பும், பரவாயில்லை. பழைய நாட்களுக்கு இடையில் ஒரு நாள் ஓட்டை இருந்தால் அதையும் சேர்த்து அடைத்துக் கொடுத்துவிடுங்கள், தாராளமாகத் தப்பு செய்தால் யாரும் மெயில் போட மாட்டார்கள். ஆனால் இவர்களைப் பாதிப்பேருக்கு ஸ்ட்ரீக் காட்டாத உங்கள் டெஸ்டில் சேர்க்காதீர்கள், புதியவர்களை மட்டும் வையுங்கள். ஸ்க்ரிப்டை ஓட்டும் முன்னால் டேபிளை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஓட்ட வேண்டாம்.