மினி லேத்துக்கு எல்.இ.டி. விளக்கு: 230 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

வீட்டுப்பட்டறை:
வணக்கம். கோவையில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் ஒரு மினி லேத் (சிறிய கடைசல் மெஷின்) இருக்கிறது. மூன்று ஜா சக் (கடைகிற பொருளை மூன்று தாடையால் பிடித்துச் சுற்றுகிற பகுதி), டிசி மோட்டார், வேகம் 2500 ஆர்.பி.எம். வரை போகும். ஓட்டுவது பெரும்பாலும் அப்பாதான், பம்ப் கம்பெனியில் டர்னராக (லேத் ஓட்டுபவராக) இருந்து ஓய்வு பெற்றவர். மேலே ஒரு டியூப் லைட் உண்டு, ஆனால் அவர் குனிந்தால் அவர் நிழலே ஜாப் (கடைகிற பொருள்) மேல் விழுகிறது, போரிங் போடும்போது, அதாவது துளையை உள்ளே கடையும்போது, துளைக்குள் ஒன்றும் தெரிவதில்லை, வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடு டயலில் கோடு பார்க்க மொபைல் டார்ச் அடிக்க வேண்டியிருக்கிறது. ஓடுகிற சக் பக்கத்தில் ஒரு கையில் மொபைலோடு அவர் நிற்பதைப் பார்க்கவே எனக்குப் பயம்.

எலக்ட்ரிக்கல் கடையில் டிரைவர் (எல்.இ.டி.க்குக் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற சர்க்யூட்) தனியாக இல்லாத, நேராக 230 வோல்ட் கொடுக்கிற வட்டமான எல்.இ.டி. தகடு கிடைக்கிறது. அதை அலுமினியப் பெட்டியில் போட்டு ஹெட்ஸ்டாக் (சக் இருக்கிற இடது பக்கப் பெட்டி) மேல் மாட்டலாம் என்பது என் யோசனை. இல்லை, 12 வோல்ட்தான் நல்லது என்றால், லேத்தின் உள்ளே இருக்கிற கன்ட்ரோல் போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியுமா? விளக்கை நிறுத்த காந்த பேஸ் வைத்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓம்விதி:
அந்த 230 வோல்ட் தகடு லேத்துக்கு வேண்டவே வேண்டாம், தயவுசெய்து. இரண்டு காரணம். தகட்டின் செம்புத் தடங்களுக்கும் கீழே உள்ள அலுமினியத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய இன்சுலேஷன் படலம்தான். வீட்டுக் கூரையில் கை எட்டாத இடத்தில் அது சரி. லேத்தில் கூலண்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கிற திரவம்) தெறிக்கும், இரும்புச் சுருள் பறந்து வந்து ஒட்டும், அப்பா கை வைத்து விளக்கைத் திருப்புவார். அந்தப் படலத்தை நம்பி அவர் கையைக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது மினுக்கல். இந்த மலிவுத் தகடுகளில் வெளிச்சத்தைச் சீராக்குகிற கண்டென்சர் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் போதாது, அதனால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் நொடிக்கு 100 முறை வெளிச்சம் ஏறி இறங்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் மூன்று ஜா சக் 2000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் சரியாக மூன்றில் ஒரு சுற்று போய்விடும், அதாவது ஒவ்வொரு முறை வெளிச்சம் ஏறும்போதும் ஒரு ஜா இருந்த இடத்தில் அடுத்த ஜா வந்து நிற்கும், சக் நின்றுவிட்டது போலவே தெரியும். நாலு ஜா சக்கில் இதே நிலைமை 1500-இல் வரும். உங்கள் லேத் இரண்டு வேகத்துக்கும் போகிறது. சோக் போட்ட பழைய டியூப் லைட்டிலும் இது உண்டு, எனவே மேலே இருப்பது எந்த வகை என்று பாருங்கள்.

கன்ட்ரோல் போர்டைத் தொடாதீர்கள். இந்த மினி லேத்துகளின் டிசி மோட்டார் போர்டுகள் பலவற்றில் மெயினுக்கும் போர்டுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பே கிடையாது. இரண்டு முனைக்கு நடுவில் மீட்டர் 12 காட்டினாலும், பூமியைப் பொறுத்து அந்தக் கம்பி மெயின் வோல்டேஜில் இருக்கலாம்.

சிசிடிவி கேமராவுக்கு விற்கிற 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்குங்கள், R- என்று தொடங்கும் பதிவு எண்ணோடு பிஐஎஸ் முத்திரை பார்த்து. 1 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 3.2 வோல்ட் வேண்டும். மூன்றை வரிசையாகச் சேர்த்தால் 9.6, மிச்சம் 2.4 வோல்ட்டை ஒரு 8.2 ஓம் ரெசிஸ்டர் தின்னும், கரண்ட் 0.3 ஆம்பியர் அளவில் நிற்கும். ரெசிஸ்டர் 2 வாட் போடுங்கள், சின்னது சுடும். இப்படி இரண்டு வரிசை, மொத்தம் ஆறு எல்.இ.டி., ஒவ்வொன்றும் 100 லூமென் பக்கம் தரும், மினி லேத்துக்கு அதுவே தாராளம். வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர் கட்டாயம், இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒன்று போட்டால் கரண்ட் சமமாகப் பிரியாது.

பழைய டர்னர்:
தம்பி, மேலே சொன்னது எல்லாம் சரி. கம்பெனி லேத்தில் மெஷின் லேம்ப் 24 வோல்ட்தான் இருக்கும், மெஷினுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலும் டேங்க், குழி மாதிரி இடுக்கான இடத்துக்குள் தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேல் கை விளக்கு கொண்டுபோகக் கூடாது என்று 36ஏ பிரிவு இருந்தது. உங்கள் ஷெட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் அதன் பின்னால் இருக்கிற அக்கறை பொருந்தும்.

நான் சொல்ல வந்தது வேறு. எல்லாரும் எத்தனை வாட் என்றே கேட்கிறார்கள். அப்பா வயதில் வாட் முக்கியமில்லை, கண் கூச்சம்தான் முக்கியம். கண்புரை கொஞ்சம் ஆரம்பித்திருந்தாலும் எல்.இ.டி. புள்ளி நேராகக் கண்ணில் பட்டால் ஜாப் இருட்டாகிவிடும். அதனால் எல்.இ.டி.க்கு முன்னால் ஒரு அங்குலமாவது நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஷேடு வையுங்கள், இல்லாவிட்டால் பால் வெள்ளைத் தகடு போட்டு மூடுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் டூலைப் பிடித்திருக்கிற டூல் போஸ்ட்டின் நிழல் டூல் முனை மேலேயே விழும். ஆறு எல்.இ.டி.யையும் ஒரே பெட்டியில் அடைக்காமல் மூன்று மூன்றாகப் பிரித்து, ஒன்றை ஹெட்ஸ்டாக் பக்கம் அவர் இடது தோளுக்கு மேலே, இன்னொன்றை டெயில்ஸ்டாக் பக்கம் (சக்குக்கு எதிர் முனையில்) துளைக்குள் பார்க்கிற மாதிரி வைத்தால் போரிங் போடும்போது அருமையாகத் தெரியும். டயல் கோடுகளுக்கு நேர் வெளிச்சம் உதவாது, சாய்வாகப் படுகிற வெளிச்சத்தில்தான் வெட்டிய கோடு எடுப்பாகத் தெரியும்.

காந்த பேஸ் வேண்டாம். வார்ப்பிரும்பு ஓட்டினால் அந்தப் பொடி முழுக்க அதில் போய் ஒட்டும், துடைத்தாலும் போகாது, ஆட்டத்தில் பேஸ் நகர்ந்து விளக்கே சக் மேல் சாயலாம். எம்5 போல்ட் இரண்டு போட்டு இறுக்குங்கள். ஒயர் எந்த நிலையிலும் சக்குக்கு எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும், அதை இன்றே அளந்து பாருங்கள்.

சில்லுத்தூள்:
திருப்பூர் தையல்காரர்கள் மெஷினில் மாட்டுகிற வளைகழுத்து விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதன் கழுத்து ரொம்ப நல்ல சாமான். உள்ளே இருக்கிற 230 வோல்ட் சர்க்யூட்டை முழுதாக எடுத்துவிட்டு கழுத்தை மட்டும் வைத்து, காந்தத்துக்குப் பதில் தகடு போட்டு, தலையில் உங்கள் மூன்று எல்.இ.டி.யை வைக்கலாம். கழுத்து நுனியில் கனம் கூடினால் தொங்கும், எனவே ஹீட்சிங்க் (எல்.இ.டி. சூட்டை இழுக்கிற உலோகத் தகடு) 3 மிமீ அலுமினிய பிளாட் அளவில் இருக்கட்டும். நட்சத்திரத் தகட்டில் வருகிற எல்.இ.டி.யை வாங்கி, அடியில் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகப் பூசி, ஸ்க்ரூ போட்டுப் பிடியுங்கள். பசை மட்டும் நம்ப வேண்டாம், லேத் அதிர்வில் விட்டுவிடும். அரை மணி நேரம் எரியவிட்டு அலுமினியத்தில் கை வையுங்கள். எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் போதும்.

முன்னால் போடுகிற தகடு அக்ரிலிக் வேண்டாம், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மயிர்க்கோடு விழும். பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனால் அதை அசிட்டோனில் துடைக்காதீர்கள். எனக்குப் பிடித்தது சன்னமான கண்ணாடிதான், சூடான சிப்ஸ் (வெட்டிய இரும்புத் துணுக்கு) வந்து விழுந்தாலும் பொசுங்காது. ஓரத்தில் சிலிகான் வைத்து அடையுங்கள்.

எல்.இ.டி. ஸ்ட்ரிப் (நாடாவாக வருகிற எல்.இ.டி. வரிசை) வாங்கி ஒட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெட்டுகிற இடத்தில் செம்பு திறந்தே இருக்கும், ஒரு சுருள் விழுந்தால் ஷார்ட். டிரில்லிங் மெஷின் ஸ்பிண்டிலைச் சுற்றிப் போட ஏஞ்சல் ஐ என்று கார் ஹெட்லைட்டுக்கு விற்கிற 12 வோல்ட் வளையம் பிரமாதம், நிழலே விழாது. லேத்துக்கு அது பயன்படாது.

வீட்டுப்பட்டறை:
மூவருக்கும் மிக்க நன்றி. பழைய டர்னர் ஐயா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு விளக்கு என்றதும் உடனே எழுந்து போய் இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மூன்று மூன்றாக இரண்டு தலை, வளைகழுத்து, 12 வோல்ட் அடாப்டர் என்று முடிவு. மேலே இருக்கிற டியூப் சோக் வைத்ததுதான், அதையும் மாற்றிவிடுகிறோம். ஒரே ஒரு சந்தேகம், பாலிஷ் செய்யும்போது வெளிச்சத்தைக் குறைக்க ஒரு டிம்மர் வைக்கலாமா? ஆன்லைனில் 12 வோல்ட் டிம்மர் மலிவாகக் கிடைக்கிறது.

ஓம்விதி:
அந்த மலிவு டிம்மர் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறது, அதுவும் பல மாடல்களில் நொடிக்குச் சில நூறு முறைதான். விட்ட மினுக்கல் திரும்ப வந்துவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு தலைக்கும் தனி சுவிட்ச் வையுங்கள். கட்டாயம் குறைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த வரிசையில் இன்னொரு 8.2 ஓம், 2 வாட் ரெசிஸ்டர், அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு சுவிட்ச் போட்டு சேர்க்கவும் விலக்கவும் முடிகிற மாதிரி. கரண்ட் ஏறக்குறைய பாதியாகும், வெளிச்சம் சீராகவே நிற்கும். அடாப்டரை சிப்ஸ் எட்டாத சுவர்ப் பக்கம் மாட்டுங்கள், லேத் பாடிக்கு எர்த் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், ஷெட் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லையென்றால் விளக்கு வேலையைத் தொடங்கும் முன்பே அதைப் போடுங்கள்.