மறு: வேகமாக வளரும் நிறுவனங்களுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

வேகமாக வளரும் நிறுவனங்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்று கேட்ட இந்த இழையில் 'துளிர் நிறுவனம்', 'அதிவளர் புத்தொழில்', 'மான் நிறுவனம்' மூன்றும் வந்திருக்கின்றன. நான் 'விரைவளர் நிறுவனம்' என்பதை முன்வைக்கிறேன்.

எதைக் குறிக்கப் போகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டும் 2007இல் வெளியிட்ட கையேட்டின்படி, வேகமாக வளரும் நிறுவனத்தில் தொடக்கத்தில் குறைந்தது 10 ஊழியர்கள் இருக்க வேண்டும்; அடுத்த மூன்றாண்டுகளில் ஆண்டுச் சராசரி வளர்ச்சி 20 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். ஆள்கணக்கிலும் அளக்கலாம், விற்றுமுதலிலும் அளக்கலாம். 100 பேர் வேலை செய்யும் ஆலை மூன்றாண்டு முடிவில் 173 பேரை எட்டியிருந்தால் வேகமாக வளர்ந்தவற்றின் பட்டியலில் சேரும். இரண்டு ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் 73 பேரை மொத்தமாகச் சேர்த்தாலும் சேரும்! பத்துப் பேர் என்ற வரம்பு எதற்கு? இரண்டு பேர் இருக்கும் கடையில் இன்னும் இருவர் சேர்ந்தாலே 100 விழுக்காடு வளர்ச்சி ஆகிவிடும், அதற்காகத்தான்.

இந்த வரையறையில் வயது இல்லை, துறை இல்லை. ஸ்வீடன் பொருளியலர்கள் ஹென்ரெக்சனும் யோகான்சனும் 2010இல் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இத்தகைய நிறுவனங்கள் சராசரியில் இளையவை. ஆனால் எல்லாத் துறையிலும் இருக்கின்றன, பெரியவையும் உண்டு, உயர்தொழில்நுட்பத்தில் கூடுதலாகக் குவிந்திருக்கவும் இல்லை. ஆகவே 'துளிர்' சரிவராது. 'புத்தொழில்' ஸ்டார்ட்அப்புக்கு நிலைத்துவிட்ட சொல். அதை இங்கே இழுத்தால் இரண்டும் குழம்பும்.

'மான்' எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அமெரிக்கப் பொருளியலர் டேவிட் பர்ச் நிறுவனங்களை யானை (பெரியவை), எலி (சிறியவை), கெசல் மான் (வேகமாக வளர்பவை) என்று பிரித்தார். ஆனால் மேலே சொன்ன 2007 கையேட்டில் கெசல் என்பது ஓர் உட்பிரிவு: வேகமாக வளர்பவற்றில் ஐந்து வயதுக்கு உட்பட்டவை மட்டும். பொதுப்பெயராக மானை வைத்துவிட்டால் உட்பிரிவுக்கு என்ன செய்வோம்? அதற்கு 'நவ்வி' பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. மானுக்கும் மான்கன்றுக்கும் உரிய பழஞ்சொல். இளமையும் வேகமும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

சரி, ஏன் 'விரைவளர்'? 'ஊறுகாய்' போல இதுவும் வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என மூன்று காலத்துக்கும் இடம் தரும். இங்கே அது மிக அவசியம். பட்டியலில் இருக்கும் நிறுவனம் வளர்ந்து முடித்ததாகவும் இருக்கலாம். அடுத்த மூன்றாண்டிலும் அப்படியே வளர்வது அரிது. 'வேகமாக வளரும் நிறுவனம்' என்றால் இன்னும் வளரப்போகிறது என்ற உறுதியைப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 20 விழுக்காடு என்ற எண்ணையும் சொல்லில் ஏற்ற வேண்டாம். யூரோஸ்டாட்டே பின்னர் அந்த வரம்பை 10 விழுக்காடாகக் குறைத்தது.

அப்புறம் இன்னொன்று. வேறொரு நிறுவனத்தை வாங்கி ஆள்கணக்கு கூடினால் அதையும் வளர்ச்சி என்பதா? தானாக வளர்வதை 'அகவளர்ச்சி' என்றும் வாங்கிச் சேர்ப்பதைச் 'சேர்ப்பு வளர்ச்சி' என்றும் பிரிக்கலாமா? கணக்கியல் துறையில் இருப்பவர்கள் அன்றாடம் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.