150% திரையில் வரைந்த பில் படிவம் 100% திரையில் குலைகிறது

மண்டபம்: நண்டு, கணவாய் எடை போடும் பில்லுக்கு விஷுவல் ஸ்டுடியோவில் வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் ப்ரோக்ராம் திரை வரையும் கருவி) படிவம். லேப்டாப்பில் விண்டோஸ் ஸ்கேலிங் (எழுத்து, பட்டனைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு) 150%. கம்பெனி கவுண்டர் மானிட்டர் 1366×768, 100%. அங்கே பட்டன்கள் வெட்டுப்படுது, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுது. என்ன செய்ய?

கீழக்கரை: டிசைனர் ஃபைலைத் (வரைந்த படிவம் கோடாகச் சேமிக்கப்படும் ஃபைல்) திறந்து ஆட்டோஸ்கேல்டைமென்ஷன்ஸ் வரியைப் பாருங்க; எந்த எழுத்தளவில் படிவம் வரையப்பட்டதுன்னு அது சொல்லும். பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்னா 100%-ல் 6, 13 இருக்கணும். 9, 20 என்றிருந்தால் 150%-ல் சேமித்திருக்கீங்க. எல்லா அளவும் ஒன்றரை மடங்காக எழுதப்பட்டிருக்கும். 100% திரையில் ஓடும்போது வின்ஃபார்ம்ஸ் அதைத் திரும்பச் சுருக்கத்தான் பார்க்கும். ஆனா உள்ளே வைத்த யூசர்கண்ட்ரோல் (தனியாக வரைந்து படிவத்துக்குள் வைக்கும் துண்டு) 100%-லும் வெளிப்படிவம் 150%-லும் சேமித்தவை என்றால் கணக்கு இடிக்கும்.

படிவத்தைத் திறக்கும்போது மேலே மஞ்சள் பட்டையில் விஷுவல் ஸ்டுடியோவை 100%-ல் மறுபடி திறக்கவான்னு கேட்குமே, அதைத் தள்ளிவிடாதீங்க.

மண்டபம்: 9, 20-தான் இருக்கு அண்ணே. கையால் 6, 13-ன்னு மாற்றிடலாமா?

கீழக்கரை: கூடாது தம்பி. அந்த எண் மட்டும் மாறும், அளவுகள் பெரிசாவே நிற்கும். கிட் (Git, ஃபைலின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கருவி) வழியா 150%-ல் சேமிப்பதற்கு முந்தைய ஃபைலுக்குப் போய், 100%-ல் திறந்து திருத்துங்க.

தொண்டி: விஷுவல் ஸ்டுடியோ 2022 பதிப்பு 17.8 முதல் டிசைனரை மட்டும் 100%-ல் ஓட்ட ப்ராஜெக்ட் ஃபைலிலேயே அமைப்பு உண்டு. இன்னொன்று: அதே மானிட்டரை யாராவது 125% ஆக்கினால் படிவத்துக்குக் கிடைக்கும் இடம் சுமார் 1093×614 தான். அதனால பட்டன், எழுத்தையெல்லாம் டேபிள்லேஅவுட்பேனலில் (கட்டம் கட்டமாக அடுக்கும் பெட்டி) போட்டு, வரிசைகளை ஆட்டோசைஸ் (உள்ளே இருப்பதற்கேற்ப தானாக அளவு மாறுவது) ஆக்குங்க.