பனையேறும் தந்தைக்குக் குதிகால் தசைநாண் வலி: ஊசி போடலாமா?

திசையன்விளைக்காரன்:
என் தந்தைக்கு வயது 54. எங்கள் ஊர்ப் பக்கம் பனையேறுகிறார். சென்ற பதநீர்ப் பருவத்தின் நடுவிலிருந்து வலது குதிகாலின் பின்புறத் தசைநாணில் வலி. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் கடுமையாக வலிக்கின்றன; சற்று நடந்தால் தணிகிறது. தைலமும் வலி மாத்திரையும் ஓய்வும் குறைத்த வலி, மரமேற மீண்டும் காலில் தளைநார் மாட்டியதும் திரும்பிவிட்டது. ஒரு மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி என்கிறார். இன்னொருவர் சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி ஊசி என்கிறார், செலவும் அதிகம். எதை நம்புவது?

பாளை பிசியோதெரபிஸ்ட்:
அண்ணாச்சி, ஓய்வில் குறைந்து வேலையில் திரும்புவது நாட்பட்ட தசைநாண் வலியின் வழக்கமான போக்குதான். இந்த நிலையில் தசைநாணை ஆக்கும் கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒழுங்கு குலைந்து, தசைநாணின் பளு தாங்கும் திறன் குறைந்திருக்கும்; மாத்திரை வலியை அடக்குமே தவிர இழையைத் தேற்றாது, முழு ஓய்வோ இருக்கிற பலத்தையும் குறைத்துவிடும். படிப்படியாகப் பளு ஏற்றுவதே மருந்து. 1998-இல் ஸ்வீடனில் ஆல்ஃபிரட்சன் குழுவினர் வெளியிட்ட முறை இன்றும் வழக்கில் உள்ளது: படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்கும் காலின் குதிகாலை மெல்லக் கீழிறக்கி, நல்ல காலால் மேலே வர வேண்டும். முழங்காலை நீட்டியபடி 15 முறை வீதம் 3 சுற்று, சற்று மடக்கியபடி 3 சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். சிறிது வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை விறைப்பு கூடினால் அளவைக் குறைக்கவும். தொடங்குமுன் ஒன்று சொல்லுங்கள்: விரலால் அழுத்தினால் வலிப்பது எலும்பில் ஒட்டும் இடத்திலா, அதற்குச் சில விரற்கடை மேலா?

எலும்பு மருத்துவர், தென்காசி:
ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் வலியைக் குறைக்கலாம். ஆனால் உடம்பின் பளுவைச் சுமக்கும் இந்தத் தசைநாணுக்குள் அதைச் செலுத்தினால் அறுந்துபோகும் அபாயம் உண்டு என்பதால், மரமேறுகிறவருக்கு நான் போடமாட்டேன். பிஆர்பி பற்றி, 2021-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 240 பேரில் ஒரு பிரிவினருக்கு உண்மை ஊசியையும் மறு பிரிவினருக்குப் பிஆர்பி இல்லாத பாவனை ஊசியையும் போட்டு ஒப்பிட்டபோது பலனில் வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பணத்தை இப்போதைக்குச் சேமியுங்கள். சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்பதால், வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும் இந்த வலியைச் சொல்ல வேண்டும். என்றைக்காவது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் உணர்ந்து, அதன்பின் முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியாவிட்டால் அது அறுந்ததன் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்போதும் எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது, உடனே வந்தால் கட்டுப்போட்டே கூடவைக்க முடிகிறது.

திசையன்விளைக்காரன்:
நன்றி, ஐயா. அழுத்திப் பார்த்தோம், வலி எலும்பில் ஒட்டும் இடத்தில்தான். அங்கே சற்றுப் புடைத்தும் இருக்கிறது.

பாளை பிசியோதெரபிஸ்ட்:
அப்படியானால் மேலே சொன்ன முறையில் ஒரு மாற்றம் அவசியம். குதிகால் பாதமட்டத்துக்குக் கீழே இறங்கினால் தசைநாண் எலும்பின்மேல் அழுந்தி வலி கூடும். ஆகவே படியில் வேண்டாம், சமதரையில் நின்று குதிகாலை உயர்த்தித் தரைவரை மட்டும் இறக்கட்டும். பலரும் சொல்லும் கெண்டைக்கால் இழுப்புப் பயிற்சியையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கவும். செருப்புக்குள் குதிகாலுக்கு அடியில் சிறிய திண்டு வைத்தால் நடக்கும்போது அழுத்தம் குறையும். மரமேறுகையில் பாதம் மேல்நோக்கி மடங்குவதும் இதே அழுத்தத்தைத் தரும் என்பதே என் கணிப்பு. பருவத்தில் வருமானத்தை விட முடியாது என்பது தெரியும். ஏறுவதை அறவே நிறுத்தாமல் மரங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, காலை விறைப்பு தணியத் தணியக் கூட்டலாம். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லையெனில் அடுத்தது, வெளியிலிருந்து அதிர்வலைகளை வலிக்கும் இடத்தில் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை (ஷாக்வேவ்). அறுவை அதற்கும் பிறகுதான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டி, பயிற்சியை நேரில் கற்றுக்கொண்டு தொடங்குங்கள்.