பாட்டியோடு இரண்டு மாதம் தங்க எந்தக் கடலோர ஊர் நல்லது?

வணக்கம் அண்ணன், அக்கா எல்லாருக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஒன்பது பேர், தமிழ்நாட்டில் கடலோரமாக இரண்டு மாதம் தங்கப் போகிறோம். டிசம்பர் வரை அங்கே வடகிழக்குப் பருவமழை என்பதால் ஜனவரி கடைசியில் கிளம்பலாம் என்று இருக்கிறோம்.

பாட்டிக்கு 84 வயது. சின்னப் பிள்ளையாக நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். அப்புறம் ரப்பர் தோட்டம், பால்மரம், பேரப்பிள்ளைகள் என்றே காலம் ஓடிவிட்டது. ஏறின கரையை ஒருமுறை பார்க்கணும் என்கிறார். அதை எப்படியாவது செய்துவிட வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து நாகை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். நாகையிலேயே தங்கலாமா? வேளாங்கண்ணி பக்கம்தான், விடுதிகளும் நிறைய. ஆனால் கூட்டம் பாட்டிக்கு ஒத்துவராது. காரைக்காலைத் தாண்டினால் தரங்கம்பாடி, 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். என் மனசு அங்கேதான் நிற்கிறது.

தரைத்தளத்தில், சமையலறையோடு மாத வாடகைக்கு வீடு கிடைக்குமா? பாட்டிக்கு முட்டிவலி, உட்காரும் கழிவறை கட்டாயம் வேண்டும். இரவில் அவசரமென்றால் எந்த ஊரில் மருத்துவர் கிட்டத்தில் இருப்பார்? அந்தப் பக்கம் தங்கியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.