பிரெஞ்சு வினைச்சொல்லை அசையாக எங்கே பிரிப்பது? என் அனுபவம்

பிரெஞ்சுக்காரர்கள் எழுதுவதில் பாதியைப் பேசும்போது விழுங்கிவிடுகிறார்கள் என்று இங்கே ஒருவர் புலம்பியிருந்தார். வினைச்சொல்லில்தான் அது அதிகம். பேசுவதைக் குறிக்கும் 'பார்லே'யை எடுங்கள், நான், நீ, அவன், அவர்கள் என்று நாலு பேருக்கும் எழுத்தில் மூன்று விதமான ஈறு, காதில் விழுவது ஒரே 'பார்ல்', ஒரே அசை. 'அவர்கள்' என்பதற்கு ஈறாக வரும் இ-என்-டி (ent) எழுத்துகள் மூன்றும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அதே இ-என்-டி பெயர்ச்சொல்லில் வந்தால் வாய் திறக்கும், அதுதான் வம்பு. பாரிஸில் நான் போன மாலை வகுப்பில் டீச்சர் ஒரு நாள் பலகையில் 'கன்னிமாடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்ற வாக்கியத்தை பிரெஞ்சில் எழுதிப்போட்டார். கன்னிமாடத்துக்கும் அடைகாப்பதற்கும் எழுத்து அச்சு அசல் ஒன்றே. முதலாவதை 'கு-வான்' என்று இரண்டு அசையாகச் சொல்ல வேண்டும், வான் முழுக்க மூக்கில் போகும். இரண்டாவது வெறும் 'குவ்'. வகுப்பே கோழிப்பண்ணை மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் நம்மவர்களுக்கு உண்மையான கண்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பக்கம் ஒரு கடையில் அண்ணா ஒருவர், யாரையோ பற்றி 'அவர்களிடம் இருக்கிறது' என்று சொல்ல நினைத்து 'இல் ஸோன்' என்றார். கேட்ட பிரெஞ்சுக்காரர் 'அவர்கள்... என்ன?' என்று மீதிக்குக் காத்து நின்றார், ஏனென்றால் அவர் காதில் விழுந்தது 'அவர்கள் இருக்கிறார்கள்'. 'அவர்களிடம் இருக்கிறது' என்று சொல்ல, அவர்களைக் குறிக்கும் 'இல்' கடைசியில் எழுதியும் ஒலிக்காமல் கிடக்கும் எஸ் அடுத்த அசைக்குத் தாவி, தொண்டை அதிர இசட் ஆக வேண்டும். இந்த ஒலி தமிழில் இல்லை, அதனால் நாக்கு தானாக ஸ பக்கம் சாய்ந்துவிடுகிறது. வினைத்திரிபு அட்டவணையை மனப்பாடம் செய்வதை விட்டு, வினையைப் பிரதிப்பெயரோடு (நான், நீ, அவர்கள் மாதிரி) ஒட்டியே சொல்லிப் பழகுங்கள் என்பேன்.

அப்புறம், 'நாங்கள் செய்கிறோம்' என்பதில் ஏ, ஐ (ai) என்று இரண்டு எழுத்து எழுதியிருந்தாலும் 'ஃபஸோன்' மாதிரி (இங்கேயும் ஸ இசட்தான்) ஒலிப்பதற்கெல்லாம் காரணம் தேடாதீர்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே துலூஸ் நகரம் போனால் கதையே மாறும். பாரிஸில் விழுங்கும் கடைசி இ-யை அங்கே ரொட்டிக்கடைப் பாட்டி நிதானமாக 'பார்-ல' என்று இரண்டாக்கிச் சொல்கிறார். எனக்கு அதுதான் புரிகிறது, பிடித்தும் இருக்கிறது. அதே தெற்கில் மார்செய் நகரப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், அங்கே இளசுகளும் இப்படித்தான் பேசுகிறார்களா?